பெரிய வண்டி வாங்குவது ஏற்றம் ஆகாது

செரண்டா, ரவாங், பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் என்று இந்த வட்டாரத்தில் வேனுக்குள் படுக்கை போட்டுக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற தமிழர்கள் இப்போது பலர். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை விலகிய பிறகு இந்த ஆசை வேகமாகப் பரவியது. ஆசையோடு சேர்ந்து ஒரு கொள்கையும் பரவிவிட்டது. பழைய வேனில் தொடங்கு, கொஞ்ச நாளில் ஹையேஸுக்கு மாறு, கையில் காசு சேர்ந்ததும் நின்று நடக்கக்கூடிய, கழிவறையும் குளியலறையும் உள்ள பெரிய மோட்டார் ஹோமை வாங்கு. அதுதான் அசலாம், மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழியாம். கல்யாண வீட்டில் இதைச் சொல்கிறார்கள், திருவிழாவில் வண்டி நிறுத்துமிடத்தில் சொல்கிறார்கள், விற்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யாராவது நடுப்படியில் நின்றுவிட்டால் ‘பாவம், முடியவில்லை போல’ என்கிறார்கள். பெரியதை விற்றுவிட்டு வேனுக்குத் திரும்பியவனிடம் வீட்டில் என்ன கஷ்டம் என்று விசாரிக்கிறார்கள்.

இந்தக் கொள்கை தவறு. நம் சாலைக்கும், நம் வெயில் மழைக்கும், நம் குடும்பங்கள் பயணம் போகிற விதத்துக்கும் ஒத்துவராத ஒன்றை உச்சியில் உட்காரவைத்து, உழைத்துச் சேர்த்தவர்களைக் கடனில் இறக்குகிறது. மூன்று வகை வண்டிகளையும் சொந்தமாக வைத்திருந்து ஓட்டியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலாவது நிசான் வானெட். சி22 என்ற அந்த வேனைத் தெரியாதவர் இந்த நாட்டில் இல்லை. ஜப்பானில் 1990-களிலேயே நின்றுபோன வண்டி, இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. காய்கறிக்காரர், வயரிங் வேலை பார்ப்பவர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுபவர் என்று எல்லார் கையிலும் ஓடியது. நீளம் ஏறத்தாழ நான்கு மீட்டர். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும், ஆகையால் நீண்ட ஓட்டத்தில் தொடை சுடும். பின்னால் பலகை அடித்து மெத்தை போட்டோம், சன்னலுக்குக் கொசுவலை தைத்தோம். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனாலும், செகிஞ்சான் வயல்வெளிக்குப் போனாலும் இரவுக்கு அதுதான் அறை. அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட நான் வரவில்லை. மோதினால் ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் தகடு மட்டும்தான் உண்டு, காற்றுப்பையும் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்ட அது இன்று ஏற்ற வண்டி ஆகாது. அதை மாற்றச் சொல்கிறவர்கள் சொல்வது சரி. ஆனால் காரணம் பாதுகாப்பு. அளவைக் காரணமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது டொயோட்டா ஹையேஸ், 2004-இல் வெளிவந்த உருவம், டீசல் எஞ்சின். நீளம் 4.7 மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு, அகலம் 1.7 மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு, உயரம் 1.98 மீட்டர். இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரை முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. ஜப்பானில் சிறு வாகனப் பிரிவுக்கு நீளத்தில் 4.7 மீட்டர், அகலத்தில் 1.7 மீட்டர், உயரத்தில் 2 மீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் எவ்வளவு இடம் பிடிக்க முடியுமோ அவ்வளவையும் பிடித்து வடிவமைத்த பெட்டி அது.

மூன்றாவது, அண்ணனும் நானும் பங்கு போட்டு வாங்கிய ஜப்பான் ரீகோண்டிஷன் மோட்டார் ஹோம். டொயோட்டா கேம்ரோடு என்ற சிறு லோரி அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பெட்டி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, பின்னால் அடுக்குப் படுக்கை, கழிவறை, சமையல் மேடை, மேசை. நீளம் ஐந்து மீட்டருக்குள்தான், ஆனால் அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டியது, உயரம் மூன்று மீட்டரை நெருங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாரும் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். நல்ல தச்சு வேலை. சொன்னதைச் செய்த வண்டிதான். எங்கள் பிணக்கு அதன் வேலைப்பாட்டோடு இல்லை.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் எல்லாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். இரவில் வண்டியை எங்கே நிறுத்த முடிந்தது என்று எண்ணிப் பாருங்கள் என்கிறேன் நான். படுத்து உறங்குவதற்காக வாங்கிய வண்டியின் முதல் வேலை அதுதான். ஹையேஸ் சாதாரணக் கார் நிறுத்தும் கட்டத்துக்குள் அடங்குகிறது. 2.1 மீட்டர் உயரத் தடை போட்டிருக்கும் பேரங்காடி நிலவறைக்குள் நுழைகிறது. செங் சன்னாசிமலை மாசி மகத்துக்குப் போனால் கம்போங் சந்துக்குள் ஒதுங்குகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் தாமான்களில் இடம் தேடும்போது இரண்டு கார்களுக்கு நடுவில் செருகிக்கொள்கிறது. தஞ்சோங் காராங்கிலிருந்து கடற்கரைப் பக்கம் வாய்க்கால் ஓரமாகப் போகிற சாலைகளை நினைத்துப் பாருங்கள். எதிரே நெல் அறுக்கும் இயந்திரம் வந்தால் ஒதுங்க என்ன இருக்கிறது? தோட்டத்துச் செம்மண் பாதையில் எண்ணெய்ப்பனை மட்டைகள் தாழ்ந்து தொங்குகின்றன. மூன்று மீட்டர் உயரப் பெட்டியின் மூலைகளை அவை கீறாமல் விடுவதில்லை. கேப் என்ற இடத்திலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பழைய சாலையில் ஒரு வண்டிதான் போகும், ஒவ்வொரு வளைவிலும் பாறை சாலைக்குள் எட்டிப் பார்க்கிறது.

உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற கணக்கை விற்பவர்கள் போடுவதே இல்லை. கோல்ஃபீல்ட்ஸ், ஹோப்ஃபுல், சுங்கை சோ என்று தோட்டங்களில் ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் இன்று புக்கிட் செந்தோசா, ஈஜோக், கிள்ளான், சுங்கை பட்டாணி என்று சிதறிக் கிடக்கின்றன. போகிற இடத்தில் மூன்று அறை வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். அத்தை வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, அங்கேயே சாப்பிட்டு, வேனில் வந்து படுத்துக்கொள்வதுதான் எங்கள் குடும்பத்துக்கு இந்த வண்டி தந்த பெரிய வசதி. பெரியதை அந்தத் தெருவுக்குள் கொண்டுபோனால் எதிர்வீட்டுக்காரரின் காடி வெளியே வர முடியாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போவதற்கு மோட்டார் ஹோம் எதற்கு?

நம் சொந்த வீட்டுக் கதையும் இதுவே. இங்குள்ள தாமான் வீடுகள் பெரும்பாலும் 20 அடி அகல வரிசை வீடுகள். ஹையேஸ் முன்கூரைக்கு அடியில் நுழைந்துவிடும். மூன்று மீட்டர் உயர வண்டி நுழையாது. ஆகவே பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எங்கோ காலி இடத்தில் மாத வாடகைக்கு நிறுத்துகிறார்கள். வெயிலும் மழையும் அதன் மேல். கண்ணில் படாத வண்டியை எடுக்க மனம் வராது, ‘இந்த வாரம் வேண்டாம், அடுத்த விடுமுறைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளும். வீட்டு வாசலில் நிற்கிற வேனை வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். வேனைக் கொண்டுதான் மளிகை வாங்குகிறோம், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். ஒரே வண்டியில் இரண்டு வேலை.

இப்போது மழைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதை வாயே திறந்து சொல்வதில்லை. அடிச்சட்டத்தின் மேல் தனியாகக் கட்டிய மோட்டார் ஹோம்களில் பெரும்பாலானவை மரச்சட்டத்தின் மேல் அலுமினியமோ நாரிழைத் தகடோ ஒட்டி, நடுவில் நுரை அடைத்துச் செய்தவை. சுவரும் கூரையும் சேரும் இடம், சன்னல் ஓரம், கூரைத் துளை, விளக்குத் துளை என்று எங்கும் பசைதான் நீரைத் தடுக்கிறது. ஜப்பான் குளிரில் பத்தாண்டு தாங்கிய பசை இங்கே பகலில் வெயிலில் விரிந்து, மாலை மழையில் சுருங்கி, நாளடைவில் வெடிக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கிற செரண்டாவிலும் பத்தாங் காலியிலும் பிற்பகல் இடிமழை எப்படிக் கொட்டும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீர் உள்ளே இறங்கினால் முதலில் ஒன்றும் தெரியாது. சுவர்த்தாள் லேசாக உப்பும், அலமாரிக்குள் புழுங்கல் வாடை வரும். தெரிய வரும்போது உள்ளே சட்டம் விரலால் அமுக்கினாலே குழிகிறது. அதைச் செய்து தர நம் பக்கத்துப் பட்டறைகளில் ஆள் தேடுவது கஷ்டம். சாதாரண போமன் எஞ்சினைப் பார்ப்பார், மரச்சுவரைப் பிரிக்கத் தெரியாது. வேனின் உடலோ தொழிற்சாலையில் பற்றவைத்து, துரு தடுக்கும் மருந்தில் முக்கி எடுத்த இரும்பு. கூரையில் நாமாக ஓட்டை போடாதவரை அது ஒழுகாது. நம் தட்பவெப்பத்துக்கு இரும்புக் கூடுதான் ஏற்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

சுமையும் இப்படித்தான். கட்டில், அலமாரி, நூறு லிட்டர் தண்ணீர் (அதுவே நூறு கிலோ), பேட்டரி, வெளிக்கூரை, ஆறு பேர், அவர்கள் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து பின் அச்சில் உட்காருகின்றன. கேம்ரோடு வண்டிகளின் பின் டயர் சுமை தாங்காமல் வெடிப்பது ஜப்பானிலேயே நெடுநாள் பேச்சு. பின்னால் இரட்டை டயர் போட்ட வகை அங்கே பிறகு வந்தது. நம்மிடம் வந்து சேர்பவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை. கோஸ்டர், ரோசா போன்ற சிறு பஸ்ஸை மாற்றிக் கட்டுகிறவர்கள் வெற்று எடை 3,500 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் நாம் எல்லாரும் வைத்திருக்கிற டி உரிமம் செல்லாது. அப்போது அப்பாவுக்குத் தலைவலி என்றால் மகள் ஓட்ட முடியாது, அண்ணி ஓட்ட முடியாது.

எண்ணெய் விலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டானது. என் ஹையேஸும் டீசல்தான், எனக்கும் அந்த அடி விழுந்தது. ஆனால் காற்றைச் சுவர் போல எதிர்த்து ஓடும் மூன்று மீட்டர் பெட்டிக்கு அது விழுந்த விதமே வேறு.

பெரிய வண்டியின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் எப்போதும் சொல்கிற வாதங்களையும் பார்த்துவிடுவோம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்பது முதலாவது. எதற்கு நிற்க வேண்டும்? ஐரோப்பாவில் பனிக்காலத்தில் வெளியே கால்வைக்க முடியாது. ஆகவே சமையலும் சாப்பாடும் பேச்சும் வண்டிக்குள். அவர்களுக்கு நின்று நடக்க இடம் தேவை. நாம் ஆண்டு முழுவதும் வெளியே உட்காரக்கூடிய நாட்டில் இருக்கிறோம். வேனின் பக்கவாட்டில் வெளிக்கூரையை இழுத்துவிட்டு, அடுப்பை வெளியே வைத்தால் மழை பெய்தாலும் சமையல் நடக்கும். நெத்திலி சம்பாலையும் கருவாட்டையும் மூடிய வண்டிக்குள் வதக்கினால் அந்த எண்ணெய்ப் புகை மெத்தையில் ஏறி மாதக்கணக்கில் போகாது. நம் சமையலுக்கு உள்சமையலறை ஏற்றதே இல்லை. உள்ளே செய்வது உறக்கம் மட்டும் என்றால் படுக்க இடம் போதும்.

கழிவறை வேண்டும் என்பது அடுத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கழிவுத் தொட்டியைக் கொட்டுவதற்கு ஊர்தோறும் இடம் இருக்கிறது. இங்கே அதற்கென்று கட்டிய இடத்தைத் தேடினாலும் கிடைப்பது அரிது. தொட்டியைச் சுமந்துகொண்டு அடுத்த எண்ணெய் நிலையக் கழிவறையில் யாருக்கும் தெரியாமல் ஊற்றுகிறார்கள், அது பிறருக்குச் செய்கிற அநியாயம். ஆனால் ரவாங், உலு பெர்ணம், தாப்பா என்று வடக்கு நெடுஞ்சாலை முழுக்க ஓய்வு நிலையங்கள் இரவெல்லாம் திறந்திருக்கின்றன. எண்ணெய் நிலையங்கள் இருக்கின்றன, கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. அவசரத்துக்கு ஒரு சிறு கையடக்கக் கழிவறைப் பெட்டி வேனிலும் வைக்கலாம்.

வயதானவர்களுக்குப் பெரியதுதான் வசதி என்கிறார்கள். மூட்டு வலி உள்ள அம்மாவை லோரி அடிச்சட்டத்து வண்டியில் ஏற்றிப் பார்த்தவர் இதைச் சொல்ல மாட்டார். தரைக்கு மேல் அவ்வளவு உயரத்தில் கதவு, மடிப்புப் படி, ஒடுங்கிய வாசல். ஹையேஸின் இழுகதவைத் திறந்தால் ஒரு தாழ்ந்த படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, ஏறியதும் இருக்கை.

ஏர்கோன் விஷயத்தில் கணக்கையே போடலாம். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம். சராசரியாக 500 வாட் இழுக்கிற சிறு ஏர்கோன் அதில் ஐந்து மணி நேரம் ஓடும். வேனின் சிறு வெளியைக் குளிர்விக்க அது போதும். பெரிய பெட்டிக்கு இரட்டிப்பு குளிர், இரட்டிப்பு பேட்டரி, கூரை முழுக்கச் சூரியத் தகடு, அதற்கும் எடை. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போல வெப்பம் குறைகிறது. அங்கே ஏறிவிடக்கூடிய வண்டிக்கு இரவில் ஏர்கோனே வேண்டாம்.

2022 டிசம்பர் 16-ஐ இந்த வட்டாரத்தில் எவரும் மறக்கவில்லை. பத்தாங் காலியிலிருந்து கெந்திங் போகும் சாலையோர முகாமில் விடியுமுன் மலைச்சரிவு இறங்கி 31 உயிர்கள் போயின, அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். எங்கே தலைவைத்துப் படுக்கிறோம் என்பதைவிடப் பெரிய பாதுகாப்புக் கேள்வி எதுவும் இல்லை என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். பெரிய வண்டி அந்தத் தேர்வைச் சுருக்கிவிடுகிறது. ஊருக்குள் இடம் கிடைக்காததால் முகாம்களைத்தான் தேடிப் போகவேண்டும், முகாம்களோ ஆற்றோரத்திலும் சரிவின் காலடியிலும் அமைகின்றன. மழை வலுத்தால் வேனை எடுத்துக்கொண்டு கோல குபு பாரு ஊர்நடுவில் கடைவரிசைக்கு முன்னால் சமதரையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

சிறியது என்றாலே ஏழ்மை என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரையே காட்டுகிறேன். பெரோடுவா தொழிற்சாலை நிற்பது செரண்டாவின் சுங்கை சோவில். 1994-இல் அங்கிருந்து வந்த கஞ்சிலின் எஞ்சின் 660 சிசி, ஜப்பானின் மிகச் சிறிய கார் வகையின் வழிவந்தது. மோட்டார் சைக்கிளில் நால்வர் போன தோட்டக் குடும்பங்கள் முதல் காரை வாங்கியது அந்தச் சிறு காரால்தான். அதே ஜப்பானியச் சிறு வகையில் 3.4 மீட்டர் நீளத்துக்குள் படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் கட்டி, வசதியுள்ள ஓய்வு பெற்ற தம்பதிகள் அங்கே விரும்பி வாங்குகிறார்கள். அவர்களிடம் காசு இல்லையா?

இந்த வட்டாரத்தில் பெரியதன் மேல் ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதும் எனக்குப் புரிகிறது, அதை நான் மதிக்கிறேன். தலைமுறை தலைமுறையாக லயத்து வீட்டில் இருந்தவர்கள் நாம். வேலை போனால் வீடும் போகும். நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தார்கள் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு அறை, குளியலறை, சமையலறை எல்லாம் உள்ள ஒன்று தன் பேரில் இருப்பது வெறும் வாகனமாகத் தெரியாது. ஆனால் அந்த ஏக்கத்துக்கு விடை நிலமும் பத்திரமும் உள்ள வீடு. ஆண்டுக்காண்டு விலை இறங்கி, மழையில் ஊறுகிற பெட்டியில் அதைத் தேடச் சொல்வது கொடுமை. நல்ல நிலையிலுள்ள வேனுக்கும் பெரிய வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் பல குடும்பங்களுக்கு வீட்டுக்கடனின் பல ஆண்டுத் தவணை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். அதை வண்டியில் போடாதவரைப் ‘பாவம்’ என்று சொல்பவர்கள் தங்கள் வாயை அடக்க வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. ஆறேழு பேர் உள்ள குடும்பம், சக்கர நாற்காலியில் இருப்பவரை அழைத்துப் போகிறவர்கள், ஆண்டு முழுக்க வண்டியிலேயே வாழ்கிறவர்கள் பெரியதை வாங்கட்டும். அவர்களுக்கு அது தேவை. தேவையில்லாத மற்றவர்களுக்கு அதை இலக்காகக் காட்டாதீர்கள் என்பதே என் வாதம். அண்ணனும் நானும் மூன்றாவதை விற்றோம், மறுபடி ஹையேஸ் வாங்கினோம், இப்போது ஆளுக்கொன்று இருக்கிறது. கட்டிலையும் பெட்டிகளையும் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறோம். நிரந்தரமாக உள்ளமைப்பை மாற்றுவதானால் ஜேபிஜே அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும் என்பதை இதைப் படித்துவிட்டு வேன் வாங்கப் போகிறவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டிகளுக்காக மலையோரத்தில் முகாம் திறக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகமும் கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகமும் செரண்டா ரயில் நிலையத்தின் பக்கத்திலும், கோல குபு பாரு ஊருக்குள்ளும், புக்கிட் மெலாவத்தியின் அடியிலும் சில கட்டங்களை இரவு தங்குபவர்களுக்கு ஒதுக்கட்டும். விளக்கு, தண்ணீர்க் குழாய், இரவில் பூட்டாத கழிவறை இருந்தால் போதும். கட்டணம் வைத்தால் கொடுக்கிறோம். இதற்காக மரம் வெட்டவோ சரிவைக் குடையவோ தேவையில்லை. கார்களுக்கு ஏற்கெனவே கோடு போட்டிருக்கும் கட்டத்துக்குள் எங்கள் வேன் நிற்கும்.